கேமராவின் மேல் சிவப்பு அம்பு

பனியன் கம்பெனிகளில் துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பு விழுந்த பனியன் ரிஜெக்ட். ஒரு தை மாதத்தில் எங்கள் கம்பெனியில் அதே ஸ்டிக்கரைப் போன்களின் கேமரா மேல் ஒட்ட ஆரம்பித்தார்கள்.

எனக்கு வேலம்பாளையத்தில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வேலை. தைப்பதற்கு முன்னால் பனியனின் முன்பக்கத் துணியில் படம் அச்சடிப்போம். கலர் கலப்பதும், முதல் துணியில் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. பூ, பூனைக்குட்டி, கார் என்று எத்தனையோ அடித்திருக்கிறோம். எதற்கும் யாரும் காவல் போட்டதில்லை. அந்தத் தை மாதம் வந்த ஆர்டர் வேறு மாதிரி. படம் அச்சடிக்கும் ஸ்கிரீன் தயாராகி வந்ததும், என்ன படம் என்று பிரித்துப் பார்த்தேன். அது எங்கள் டப்பா.

டப்பா யார் என்று சொல்ல வேண்டும். என் சின்ன மகள் அப்போது நான்காம் வகுப்பு. அவள் டிவியில் ஒரு விண்வெளித் தொடர் பார்ப்பாள். அதில் கப்பலில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் சுமக்கும் ஒற்றைக் கண் எந்திரம் ஒன்று வரும். அதற்குத் தொடரில் ஏதோ நீளமான பெயர். எங்கள் வீட்டில் டப்பா. போன பாகம் முடியும்போது கப்பலின் கதவு கெட்டுப்போகிறது. வெளியே நின்று இழுத்தால்தான் மூடும். டப்பா வெளியே போய் மூடுகிறது. கண்ணில் இருந்த விளக்கு அணைகிறது. கப்பல் போய்விடுகிறது. அன்றைக்குச் சின்னவள் சாப்பிடவில்லை. நாங்கள் குடியிருப்பது ஒரே காம்பவுண்டுக்குள் எட்டு வீடுகள் வரிசையாக இருக்கும் லைன் வீடு. அங்கே பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். செத்துவிட்டது என்று ஒரு கட்சி, வரும் என்று ஒரு கட்சி. அடுத்த பாகம் கோடை லீவில்தான்.

பனியனில் டப்பாவின் கண் எரிந்துகொண்டிருந்தது. வயிற்றில் தண்ணீர் இருக்கும் இடத்தில் இரண்டு இலை விட்ட ஒரு செடி.

ஆக, கதையின் முடிச்சு எங்கள் பிரிண்டிங் டேபிளுக்கு மூன்று மாதம் முன்னாலேயே வந்துவிட்டது. முதலாளி எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"இந்தப் படம் கோடை லீவு வரைக்கும் வெளிய தெரியக்கூடாதுங்க. தெரிஞ்சுதுன்னா ஆர்டர் போயிரும். போட்டோ எடுத்த ஆளும் கூடவே போயிருவாரு. நான் சத்தம்கூடப் போடமாட்டனுங்க. நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லிருவேன், அவ்வளவுதான்."

அவர் சத்தம் போடாதவர் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் பயம்.

மறுநாள் காலை கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொரு போனாக வாங்கி, கேமரா மேல் சிவப்பு அம்பை ஒட்டினார். சாயங்காலம் போகும்போது அம்பு அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் லைனிலேயே மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறார். அவருடைய மகளும் என் சின்னவளும் ஒரே வகுப்பு.

"அண்ணாச்சி, ஒங்க போனும் டேமேஜ்ல சேந்தாச்சு. ரிஜெக்ட் பெட்டியில போட்டுரட்டுமா?" என்றார்.

"போடுங்க. எந்நேரமும் அப்டேட் அப்டேட்டுன்னு கேக்குது. தொல்லை விட்டுது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் போன் வாங்கியதிலிருந்து அப்படித்தான். டார்ச் லைட் போட்டால், என் நம்பர்களை எல்லாம் பார்க்கலாமா என்று கேட்கும். தமிழ்க் காலண்டரைத் திறந்தால், நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்கும். ராகு காலம் பார்ப்பதற்கு நான் எங்கே இருந்தால் என்ன? ஆனாலும் 'சரி' என்று அழுத்தினால்தான் வழி விடும். அழுத்துவேன். அழுத்தி அழுத்தி, கேள்வி முடிவதற்குள்ளேயே விரல் 'சரி'க்குப் போய்விடும்.

அச்சடிக்க ஆரம்பித்த முதல் நாள், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் பொண்ணு ஆபீசிலிருந்து போன் செய்தது.

"அண்ணா, மொத பீஸ்ல டேப் வெச்சு ஒரு போட்டோ அனுப்புங்க. கழுத்துல இருந்து படம் எத்தன இன்ச்சுல விழுந்திருக்குதுன்னு தெரியணும். ஆர்டர் குடுத்த பையர் பத்து நிமிஷத்துல போன் லைனுக்கு வந்துருவாங்க."

இந்த மாதிரி வேலைக்கென்று எங்கள் செக்ஷனில் ஒரு கம்பெனிப் போன் உண்டு. அதை மட்டும் அம்பு ஒட்டாமல் விட்டிருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். இடம் இல்லை என்றது. உள்ளே முழுக்க யார் யாரோ அனுப்பிய காலை வணக்கம், ரோஜாப்பூ. பத்துப் பூவை அழித்தேன். இன்னும் இடம் இல்லை என்றது.

"செக்ஷன் போன்ல எடம் இல்லீங்க அம்மிணி."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்கண்ணா. எப்புடியாச்சும் அனுப்புங்க."

என் போனில் இருந்த அம்பை நகத்தால் உரித்தேன். அளவு நாடாவைக் கட்டைவிரலால் துணியில் அழுத்திக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தேன். அனுப்பினேன். படத்தை அழித்தேன். அம்பைத் திரும்ப ஒட்டினேன். பஞ்சு ஒட்டியிருந்ததால் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"பசை சரியில்ல போலுக்கு" என்று சொல்லிப் புது அம்பு ஒட்டிக் கொடுத்தார். நான் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் அழித்தது என் போனில் இருந்த படத்தைத்தான். அதற்குள் அது வேறு இடத்துக்குப் போயிருந்தது. எப்படி என்றால், நல்லூரில் அந்தப் போனை வாங்கியபோது கடைக்காரத் தம்பி மெயில் ஐடி கேட்டார். எனக்கு ஏது? பெரிய மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்காக ஒன்று போட்டிருந்தோம். அதைச் சொன்னேன். என் மனைவியின் போனுக்கும் அதுதான். டிவிக்கும் அதுதான். ஒரு வீடு, ஒரு ரேஷன் கார்டு, ஒரு மெயில் ஐடி என்று நினைத்திருந்தேன். 'எடுக்கும் படங்களைப் பத்திரமாக மேலே சேர்த்து வைக்கட்டுமா' என்று போன் என்றைக்கோ கேட்டிருக்கிறது. என் விரல் 'சரி' சொல்லியிருக்கிறது.

எங்கள் டிவியில் யாரும் எதுவும் பார்க்காமல் விட்டால், குடும்பப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரியவள் அப்படி வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மடத்துக்குளத்தில் நடந்த மச்சினன் கல்யாணம் வந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. பிறகு, பாதிச் சுவர் அளவுக்கு, டப்பா வந்தது.

"டப்பா!" என்று சின்னவள் எழுந்துவிட்டாள். "கண்ணு எரியுது! அக்கா, டப்பா சாகல!"

பெரியவள் பத்தாம் வகுப்பு. நிதானமானவள். "அது யாராச்சும் வரைஞ்சதா இருக்கும். நெட்ல இந்த மாதிரி ஆயிரம் சுத்துது" என்றாள்.

"இல்ல. அங்க பாரு. அது அப்பா வெரல்."

என் வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். பழைய கம்பெனியில் பிரிண்டிங் ஃபிரேம் விழுந்து ஆனது. டிவியில் அந்தப் பிளவு ஒரு சாண் நீளத்துக்குத் தெரிந்தது. விரலில் டப்பாவின் கண்ணுக்குக் கலந்த பச்சைகூட இருந்தது. படம் வெளியே போனால் யார் எடுத்தது என்று தேட வேண்டியதே இல்லை.

நான் போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கினேன். கதவைச் சாத்தினேன்.

"பிளக்கப் புடுங்குனா போயிருங்களாப்பா?" என்று பெரியவள் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

என் போனில் இருந்து படம் மேலே போயிருந்தது. அங்கிருந்து என் மனைவியின் போனுக்கும் டிவிக்கும் வந்திருந்தது. நான் அனுப்பிய மெசேஜில் ஒன்று இருந்தது. அழித்த படங்கள் கிடக்கும் குப்பைத் தொட்டியிலும் ஒன்று. போதாதற்கு, 'இன்றைய இனிய நினைவு' என்று போன் தானாகவே அதற்கு ஒரு பாட்டும் போட்டு வைத்திருந்தது. ஒவ்வொன்றையும் அழிக்கும்போது, நிச்சயமாகவா என்று கேட்டது. எடுக்கும்போது இவ்வளவு கேட்டிருந்தால் நான் எடுத்தே இருக்கமாட்டேன்.

முடித்துவிட்டுப் பெரியவள் சொன்னாள்: "இப்ப நம்மகிட்ட எங்கயும் இல்லீங்ப்பா." பிறகு தங்கையைப் பார்த்தாள். "இவகிட்ட மட்டுந்தான் இருக்குது."

சின்னவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். டப்பா உயிரோடு இருப்பது யாருக்காவது தெரிந்தால் அப்பாவுக்கு வேலை இருக்காது. வகுப்பில் சொல்லக்கூடாது. லைனில் சொல்லக்கூடாது. செக்யூரிட்டி மாமா மகளிடம் சொல்லவே கூடாது.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "ஏனுங்க, உங்க போன்ல இருந்த ஸ்டிக்கரப் பிச்சுப்போட்டு, இப்ப புள்ள வாயில ஒட்டறீங்களா?" என்றாள்.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் சொல்லமாட்டேன்" என்றாள் சின்னவள். "எத்தன நாளைக்குங்ப்பா?"

"கோடை லீவு வரைக்கும் சாமி."

அவள் விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். மூன்று வந்தது. நான்கு வருகிறதா என்று இன்னொரு முறை எண்ணினாள்.

அந்த வாரமே பெரியவள் எங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயில் ஐடி போட்டாள். டார்ச் லைட், காலண்டர், கால்குலேட்டர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, இதற்கு எதற்கு உங்கள் நம்பர்கள், அதற்கு எதற்கு உங்கள் மைக் என்று மூடினாள். அதன் பிறகு போன் முன்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்டது. நானும் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு 'வேண்டாம்' என்று அழுத்தக் கற்றுக்கொண்டேன். டீ ஆறிவிடும்.

கம்பெனியில் வேலை நடந்தது. அந்த ஆர்டரில் ரிஜெக்ட் ஆன துணிகளை வெளியே விற்காமல், டப்பாவின் கண்ணோடு சேர்த்துக் கத்தரியால் வெட்டிப் போட்டார்கள். முதலாளி என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன். அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைன் பிள்ளைகள் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"டப்பா வரும். கண்டிப்பா வரும். என்ன பந்தயம்?" இது செக்யூரிட்டியின் மகள்.

"செத்துப்போச்சு" என்றாள் என் சின்னவள். "கண்ணு அணைஞ்சுது பாத்தல்ல? அணைஞ்சா செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"ஏட்டி, நீதான மொதல்ல அழுத! நீதான வரும் வரும்னு சொன்ன! இப்ப கட்சி மாறிட்ட."

"அப்பச் சின்னப் புள்ள. இப்ப எனக்குத் தெரியும்."

"துரோகி!"

மற்றவர்களும் துரோகி துரோகி என்று கத்தினார்கள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீர் என் காலில் தெறித்தது.

கோடை லீவில் புதுப் பாகம் வந்தது. லைனிலேயே எங்கள் டிவிதான் பெரிது என்பதால் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான். கட்டிலில் நான்கு பேர், தரையில் ஆறு பேர். கப்பல் திரும்பி வந்தது. தூசிக்குள் ஒரு பச்சை வெளிச்சம் தெரிந்தது. டப்பா நின்றுகொண்டிருந்தது, வயிற்றில் செடியோடு. பிள்ளைகள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். செக்யூரிட்டியின் மகள் கட்டில் மேல் ஏறிக் குதித்தாள்.

சின்னவள் கத்தவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் காதருகே வந்து, "அப்பா, இப்பச் சொல்லலாங்களா?" என்றாள்.

"சொல்லு கண்ணு."

அவள் எழுந்து நின்று, "எனக்கு இது முன்னாடியே தெரியும்" என்றாள்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"புளுகு! நீதான செத்துப்போச்சுன்ன!"

"தோத்துப்போயிட்டுப் பேச்சப் பாரு!"

"நெசமாத் தெரியும். பொங்கல் முடிஞ்சப்பவே தெரியும்."

"எப்படித் தெரியும்? டப்பா ஒனக்குப் போன் பண்ணிச்சாக்கும்?" என்றாள் செக்யூரிட்டியின் மகள்.

சின்னவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். படத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தொடர் வெளியாகிவிட்டது, சரக்கும் போய்விட்டது. ஆனால் அம்பை உரித்து நான் படம் எடுத்தது எடுத்ததுதான். இங்கே சொன்னால் மூன்று வீடு தள்ளிப் போகும். அங்கிருந்து கேட்டுக்குப் போகும். கேட்டிலிருந்து முதலாளி ரூமுக்கு இருபது அடி.

"அவ சொல்றது நெசந்தான்" என்றேன். "கம்பெனில நான்தான் படம் எடுத்தேன். எடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நம்ம டிவில வந்துருச்சு, அவ பாத்துட்டா. யார்கிட்டயும் சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். மூணு மாசம் சொல்லல."

பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். செக்யூரிட்டியின் மகள் கட்டிலில் இருந்து இறங்கினாள். "என்கிட்டக்கூடச் சொல்லலியே நீ" என்றாள். கோபமா ஆச்சரியமா என்று சொல்ல முடியாத குரல். பிறகு நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள். சின்னவள் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை கேட்டில் நான் போனை நீட்டினேன். செக்யூரிட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஆர்டர் முடிந்தும் ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் நிற்கவில்லை.

"பசை சரியில்லன்னுல்லா நெனச்சேன் அன்னைக்கு" என்றார்.

நான் நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அவர் ஓர் அம்பை எடுத்துக் கேமராவின் மேல் ஒட்டினார். பிறகு இன்னொன்றை எடுத்து, அதற்குக் குறுக்கே ஒட்டினார். கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார்.

"போங்க அண்ணாச்சி" என்றார்.

முதலாளி என்னை அன்றும் கூப்பிடவில்லை, அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை. எங்கள் செக்ஷனில் எல்லார் போனிலும் ஓர் அம்புதான். என் போனில் மட்டும் இன்றும் இரண்டு.