சோதிக்காமல் எழுதிய ‘சாது’

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர் தட்டு அக்கா. அந்தப் பெயரே நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்தான். இருபத்திரண்டு வருடமாகக் கிருமி வளர்க்கும் தட்டுகளோடு குடித்தனம் நடத்துகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

காலரா நோயாளியிடம் எடுத்த கிருமி ‘ரவுடி’. நஞ்சு செய்யும் மரபணுவும் அதனிடம் உண்டு, குடலில் ஒட்டிக்கொள்ள உதவும் மரபணுவும் உண்டு. குளத்திலும் தொட்டியிலும் கிடைப்பதும் அதே இனக் கிருமிதான்; ஆனால் பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லாத அப்பிராணி. அது ‘சாது’. மரபணுச் சோதனையில் ரவுடிக்கு இரண்டு கோடு விழும், சாதுவுக்கு ஒன்றும் விழாது. பதிவேட்டிலேயே அக்கா இப்படித்தான் எழுதுவார். பெரிய டாக்டர் முதலில் முறைத்தார். பிறகு அவரும், “இன்னைக்கு எத்தனை சாது?” என்று கேட்கத் தொடங்கினார்.

“சாது மிரண்டா காடு கொள்ளாதுக்கா” என்று ஒருமுறை சீண்டினேன்.

“மொதல்ல நீ மிரளாம வேலையப் பாரு” என்றார்.

சோதனை மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் தண்ணீர்க் கிருமிகளுக்கு மரபணுச் சோதனையை நிறுத்திவிட்டோம். எப்படியும் கோடு விழாது என்று எங்களுக்கு ஒரு தெனாவட்டு. இந்தக் கிருமி வளர்ந்ததற்கு அடையாளமான மஞ்சள் புள்ளி தட்டில் தெரிந்தால், கண்ணை மூடிக்கொண்டு ‘சாது’ என்று எழுதுவோம். நானும்தான் எழுதினேன். அக்காவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அப்படி ஒருநாள், அக்காவின் தங்கை குடியிருக்கும் தெருவின் தொட்டித் தண்ணீர் வந்தது. தட்டில் மஞ்சள். அக்கா ‘சாது’ என்று எழுதி முடிவை அனுப்பினார். சேதி தெருவுக்கு எட்டியதும் தங்கையே போன் செய்தாள்.

“அக்கா, எங்க தொட்டில கிருமி இருக்காமே? காய்ச்சணுமா?”

“சரியான பயந்தாங்கொள்ளிடி நீ. அது சாது. அடுத்த வாரம் குளோரின் போட்ருவாங்க. சும்மா குடி.”

ஐந்தாம் நாள் தங்கையை எங்கள் ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார்கள். வயிற்றுப்போக்கு தொடங்கி ஒரு நாளாகியிருந்தது. தண்ணீரில் குறையில்லை என்று அக்காவே சொன்னபிறகு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அவள் கணவர் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார். கண்கள் குழிக்குள் போய்விட்டன. இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள்.

அக்கா வார்டில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. “கல்நெஞ்சக்காரி” என்று நர்ஸ் ஒருத்தி முணுமுணுத்தாள். அவளை நாலு வார்த்தை கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அக்கா ஓடியது ஆய்வுக்கூடத்துக்கு. தங்கையின் மாதிரியையும், ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்த தொட்டிக் கிருமியையும் ஒன்றாகச் சோதனைக்குப் போட்டார். முடிவு வர நாலு மணி நேரம். தொட்டித் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று அப்போதே அந்த வீட்டுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று தயங்கினாரா, கோடு விழாது என்று இன்னமும் நம்பினாரா, எனக்குத் தெரியாது. நானாவது சொல்லியிருக்கலாம். நானும் வாயைத் திறக்கவில்லை.

சோதனைக் கோடுகளின் படம் வந்தது. தங்கைக்கு இரண்டு கோடு. பக்கத்திலேயே, அதே உயரத்தில், தொட்டிக்கும் இரண்டு கோடு.

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் கணவர் வாசலில் வந்து நின்றார்.

“போயிட்டாக்கா” என்றார். அழக்கூட அவருக்குத் தெம்பில்லை. “நல்லா இருந்தவளுக்கு இது எங்கேர்ந்துக்கா வந்துச்சு?”

நான் சட்டென்று படத்தைக் கவிழ்த்தேன். சந்தையில் எதையாவது தின்றிருப்பாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்துவிடும். அக்கா என் கையை விலக்கிப் படத்தை நிமிர்த்தி வைத்தார்.

“தொட்டித் தண்ணிலேர்ந்துதான் தம்பி. நான் சோதிச்சுப் பாக்கல. பாக்காமயே நல்லதுன்னு சொல்லிட்டேன்.”

தங்கையின் கணவர் கத்துவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன்.

“இப்ப மத்தியானம் வீட்டுக்குப் போயிட்டு வந்தேனேக்கா” என்றார். “பசங்க ரெண்டு பேருக்கும் அதத்தான் குடுத்தேன்.”