நாலாவது மடிப்பு

மருத்துவமனையின் துணிக்கூடத்தில் அவளுக்கு நாலுமடிப்பு என்று பெயர். எதிரில் இருந்தால் நாலுமடிப்பு அக்கா. தலை மறைந்தால் வெறும் நாலுமடிப்பு. படுக்கை விரிப்புகளை மடிப்பது இருபத்தெட்டு வருடங்களாக அவள் வேலை. மூன்று மடிப்போடு ஒரு விரிப்பு அடுக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டால் போதும், உருவி எடுத்து உதறி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

பெரிய விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. எதிரே நின்று மடித்தவளுக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று அவளோடு ஐந்து நிமிடம் நின்றவர்கள் யாரும் கேட்டதில்லை. உருளை இஸ்திரியிலிருந்து சுடச்சுட இறங்கும் விரிப்பின் இரண்டு மூலைகளை இவள் பிடிப்பாள், மற்ற இரண்டை ரேடியோ. நீளவாக்கில் ஒரு மடிப்பு. அதன்மேல் இன்னொன்று. பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வருவார்கள். ரேடியோ தன் முனையை இவளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, தொங்கும் நடுப்பகுதியைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குவாள். அது மூன்றாவது. மறுபடி நெருங்கி வந்தால் நாலாவது.

அந்த நாலு மடிப்புக்குள் ஒரு ஜெபம் இருந்தது. சபையில் கற்றதல்ல. அவள் கணவர் இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒன்பது நாள் படுத்திருந்து, பத்தாம் நாள் இல்லாமல் போனார். நான்கு மாதம் கழித்து அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் கையில் பிடித்த விரிப்பில் இனி யார் படுக்கப்போகிறார்களோ என்று நினைத்தபோது வார்த்தைகள் தாமாக வந்து விழுந்தன. முதல் மடிப்புக்கு, ஆண்டவரே. இரண்டாவதுக்கு, இதில் யார் படுத்தாலும். மூன்றாவதுக்கு, பக்கத்தில் இரும். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு, இருநூறு ஜெபம். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஜெபித்துப் பழக்கமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபை, மற்ற நாட்களில் துணிக்கூடம் என்று அவள் விசுவாசம் ஓடிக்கொண்டிருந்தது.

அறுபத்தாறாவது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வேலை இல்லை என்பதற்காக ஜெபத்துக்கும் விடுமுறை விட முடியுமா? கண்ணை மூடினாள். ஆண்டவரே. இதில் யார் படுத்தாலும். பக்கத்தில் இரும்.

நாலாவது வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மூன்றாவது வரைக்கும் வண்டி நன்றாக ஓடியது, அப்புறம் சக்கரம் கழன்றதுபோல் நின்றது. ஆமென்? இல்லை, அது இடம் மாறி மாட்டிய பொத்தானைப் போலத் துருத்திக்கொண்டு நின்றது. கைவிடாதேயும்? அதுவும் இல்லை. இருபத்தெட்டு வருடமாகத் தினம் இருநூறு தடவை சொன்ன வார்த்தை எங்கே போகும்?

அவள் பயந்தாள். காரணம் இருந்தது.

அவளுடைய மூத்த அக்கா சபைப் பாடகர் குழுவில் நாற்பது வருடம் பாடியவள். கடைசி இரண்டு வருடத்தில் அவளுக்கு எல்லாம் மறந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு வீட்டு எண்ணை, பிறகு பிள்ளைகளை. ஒரு நாள் இவள் பக்கத்தில் உட்கார்ந்து இயேசுவைப் பற்றிப் பேசினபோது அக்கா குழந்தை மாதிரித் திரும்பிப் பார்த்து, “யாருடி அது? நம்ம சொந்தமா?” என்று கேட்டாள். இவள் அழுகையை விழுங்கிக்கொண்டு, “ஆமாக்கா, சொந்தம்தான்” என்றாள். “அப்ப ஏன் வெளியில நிக்க வெச்சிருக்க? உள்ள வரச் சொல்லு” என்றாள் அக்கா.

அதற்கு அப்புறம் இவள் பயந்ததெல்லாம் ‘யாருடி அது’ என்ற அந்த ஒரு கேள்விக்குத்தான். தன் வாயிலிருந்தும் அது ஒரு நாள் வந்துவிடுமோ? இப்போது நாலாவது வார்த்தை போய்விட்டது. நாளைக்கு மூன்றாவது போகுமா? கடைசியில் முதல் வார்த்தையும் போய்விட்டால் என்ன மிச்சம்? இத்தனை வருடமும் ஜெபித்தது மனசா, கையா? கை வேலையை நிறுத்தியதும் ஜெபமும் நின்றுவிட்டதே!

அதன்பிறகு எல்லாமே அவளுக்கு அறிகுறியாகத் தெரிந்தது. குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டே வீடெல்லாம் தேடினாள். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் ஒவ்வொன்றும் அக்காவின் வீட்டு வாசலை நோக்கி அவளை ஒரு படி தள்ளியது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு காலை கிளம்பும்போது நின்று பார்த்தாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையையும் கட்டில்லாத கையையும் காற்றில் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“என்னம்மா, ஈ ஓட்டறியா?”

“ஒண்ணுமில்ல. நீ கிளம்பு, பஸ் போயிடும்.”

“வாய் வேற முணுமுணுக்குது. யாரைத் திட்டற? என்னையா?”

“உன்னைத் திட்டணும்னா சத்தமாவே திட்டுவேனே” என்றாள். மகள் சிரித்துக்கொண்டே போனாள். அவளிடம் சொல்லலாம்தான். சொன்னால் உடனே நரம்பு டாக்டரிடம் சீட்டு வாங்கிவிடுவாள். அப்புறம் அந்தப் பயத்துக்கு ஒரு பெயரும் வந்துவிடும்.

மூன்றாவது வாரம் பாஸ்டர் பார்க்க வந்தார். மகள் வயசுதான் இருக்கும் அவருக்கு. தண்ணீர் குடித்துவிட்டு, “தினமும் ஜெபம் பண்றீங்களாம்மா?” என்று கேட்டார்.

“பண்றேன் பாஸ்டர்.”

“உங்களை மாதிரி ஜெபிக்கிற தாய்மார்தான் சபைக்குப் பலம். எங்களுக்காகவும் பண்ணுங்க.”

அவள் தலையாட்டினாள். அவர் போன பிறகு அந்தத் தலையாட்டல் அவளை உறுத்தியது. ஊழியக்காரரிடம் பொய். இந்த வயதில் இது வேறு.

எலும்பு நேராகச் சேரவில்லை. ஐந்தாவது வாரம் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே தகடு வைக்க வேண்டும், மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய முடியும் என்றார். “வயசாயிடுச்சு இல்லையா, எலும்பு மெலிஞ்சிருக்கு. இனிமே மடிக்கிற வேலையெல்லாம் மறந்துடுங்கம்மா.”

மறந்துடுங்க என்ற வார்த்தையை அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

மயக்கம் என்றதும் பயம் இரண்டு மடங்கானது. சில பேருக்கு மயக்கம் தெளிந்தபின் புத்தி தடுமாறும் என்று துணிக்கூடத்தில் எத்தனை கதை கேட்டிருக்கிறாள். கண் விழிக்கும்போது ஆண்டவரையே யார் என்று கேட்டுவிட்டால்? அந்த நாலாவது வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்தாள். அறுவை சிகிச்சைக்கு இருந்த நான்கு நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். வார்த்தை பிடிகொடுக்கவில்லை.

அறுவை சிகிச்சை நாளன்று காலையில் வார்டில் படுக்கவைத்திருந்தார்கள். மகள் கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தாள். இடது கையால் தனக்கடியில் இருந்த விரிப்பைத் தடவிப் பார்த்தாள். மடிப்புத் தடம் இரண்டு விரல் கோணல்.

“தடவிப் பாக்காத, தெரியும்” என்றது வாசலில் ஒரு குரல். ரேடியோ, துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு. “நீ வரப்போறேன்னு தெரிஞ்சிருந்தா ஒழுங்கா மடிச்சிருப்பேன்.”

“யாருக்குன்னு பாத்தா மடிப்ப? இது மடிப்பா, சுருட்டலா?”

“எதுக்க நிக்கிறவன் பனைமரம் அக்கா. என்னைவிட ரெண்டு முழம் உசரம். அவன் முனை மேல, என் முனை கீழ. கோணாம என்ன பண்ணும்? பேசவும் மாட்டேங்கறான். நானே கேட்டு நானே பதில் சொல்லி வாய் வலிக்குது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. ரேடியோ சட்டென்று பேச்சை நிறுத்தினாள். அது அபூர்வம்.

“என்னக்கா? பயமா இருக்கா?”

“பயம் கத்திக்கு இல்லடி.” யாரிடமும் சொல்லாததை, சபைப் பக்கமே போகாத இவளிடம் சொன்னாள். ஜெபத்தை, நாலாவது வார்த்தையை, அக்கா கேட்ட கேள்வியை.

ரேடியோ வண்டிப் பிடியைத் தேய்த்தபடி நின்றாள். “நீ முணுமுணுக்கறது எனக்குத் தெரியும். பத்து வருஷமா உன் வாயத்தானே பாத்துட்டு நிக்கிறேன். மூணு வரைக்கும் உதடு அசையும். நாலாவதுல துணி உன் மூஞ்சியை மறைச்சிடும். எனக்கும் அது தெரியாது.”

அவள் மனசு சோர்ந்தது. கடைசி நம்பிக்கையும் போயிற்று.

ரேடியோ வண்டியில் கைவிட்டுக் குழந்தைகள் வார்டின் சின்ன விரிப்பு ஒன்றை உருவினாள். “எழுந்து உக்காரு. கைக்குட்டை கனம்தான். உனக்கு மறந்திருந்தா, கைக்கு மறந்திருக்காது.”

“டாக்டர் பாத்தா திட்டுவாரு.”

“என்னைத் திட்டட்டும். நானும் பதிலுக்குப் பேசிக்கிறேன்.”

இடது கையில் ஒரு மூலை. மாவுக்கட்டுக்கு வெளியே எட்டிப்பார்த்த வலது விரல் நுனிகளில் இன்னொரு மூலை. ஆண்டவரே. ஒரு மடிப்பு. இதில் யார் படுத்தாலும். இரண்டு. ரேடியோ நெருங்கி வந்து முனையைக் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். பக்கத்தில் இரும். மூன்று. ரேடியோ மறுபடி வந்தாள். அவள் கையைத் தூக்கினாள், துணி முகத்தை மறைத்தது. உதடு மூடியே இருந்தது. அவளுடைய விரல்கள் தாமாகத் திறந்தன. விரிப்பு ரேடியோவின் கைக்குப் போனது.

அவள் தன் திறந்த விரல்களைப் பார்த்தாள்.

“என்னக்கா? வந்துச்சா?”

“நாலாவதுல வார்த்தையே கிடையாதுடி.”

“பின்ன?”

“ஒண்ணும் சொல்லமாட்டேன். குடுத்துடுவேன். அவ்வளவுதான்.”

“அடக் கடவுளே! இல்லாத ஒண்ணைத் தேடியா அஞ்சு வாரம் சோறு தண்ணி இறங்காம கிடந்த?”

சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஆள் வந்துவிட்டார். மகளும் படியேறி மூச்சிரைக்க வந்தாள். பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்த்தார்கள். இரண்டையும் சரியாகச் சொன்னாள். கட்டில் நகர்ந்தது. “கோணலா மடிக்காதடி” என்றாள். “நீ வந்து திட்டற வரைக்கும் கோணல்தான்” என்றாள் ரேடியோ.

நடைபாதை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே கடந்தன. பயம் போய்விடவில்லை. விழிக்கும்போது மூன்று வார்த்தையும் இருக்குமா என்று தெரியாது. இருந்தாலும் இன்னும் எத்தனை வருடத்துக்கு என்று தெரியாது. கதவு திறந்தது. ஆண்டவரே, என்றாள். இதில் யார் படுத்தாலும். இன்றைக்குப் படுத்திருப்பது தானேதான் என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் இரும்.

பிறகு இடது கையை விரிப்பின்மேல் மலர்த்தி, அப்படியே திறந்து வைத்துக்கொண்டாள்.