டீச்சரின் இடுப்புப் படம்

வசந்தா டீச்சர் போய்விட்ட செய்தியை அவர் மகள் கலைதான் நைனார்பாளையத்திலிருந்து போனில் சொன்னாள். "வாசப்படில கால் தடுக்கிச்சிங்க. இடுப்பு முறிஞ்சி படுத்தவங்க எழுந்திருக்கவே இல்ல. போன மாசந்தான் ஆஸ்பத்திரில எலும்பு நார்மல்னு சொன்னாங்க." நார்மல் என்ற அந்த வார்த்தையிலேயே என் காது நின்றுவிட்டது.

அவரிடம் கணக்குப் படித்த உங்களுக்கு அவருடைய பிரம்பு நினைவிருக்கும். எனக்கு அவருடைய கட்டம் போட்ட கண்ணாடித் தகடுதான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் நான் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டதும் வருவார். இடுப்புப் படத்தின் மேல் அந்தக் கண்ணாடியை வைத்து, போட்டோ ஸ்டூடியோவில் வாங்கிய லைட் மீட்டரால் கட்டம் கட்டமாக வெளிச்சத்தை அளப்பார். அடுத்தடுத்த கட்டங்கள் எப்படி மாறுகின்றன என்று கணக்கிட்டால், எலும்புக்குள் இருக்கும் வலை நெருக்கமா, இற்றுப்போனதா என்று தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. "முறிஞ்சப்புறம் பாக்கறதுக்குக் கணக்கு எதுக்கு?" என்பார். ஒப்பிட நல்ல எலும்பு வேண்டுமென்று தன் இடுப்பையே படமெடுக்கச் சொன்னார். நாற்பதுகூட ஆகாதவர், ஓட்டமும் நடையுமாக இருப்பவர். நானும் சந்தேகப்படவில்லை.

எண்பத்தேழில், இடஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நாட்கள். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டும் பொன்னம்மா இடுப்பு வலி என்று வந்தார். முறிவில்லை என்றார் டாக்டர். டீச்சரும் அளந்து பார்த்து, "உன்னுதும் என்னுதும் ஒரே கணக்குதாம்மா, பயப்படாம போ" என்றார். பஸ் இல்லை. நடந்துபோன பொன்னம்மா, சங்கராபுரம் ரோட்டில் கிடந்த புளியமரத்தைத் தாண்டக் காலைத் தூக்கியவர் இடுப்பு முறிந்து அப்படியே சாய்ந்துவிட்டார். கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தார்கள். "இன்னா டீச்சர், பயப்படாதன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு படங்களையும் மாட்டிவைத்து டீச்சர் வெகுநேரம் பார்த்தார். "கணக்கு தப்பில்ல சேகர். ஒப்பிட்டதுதான் தப்பு. என்னுதும் இப்டித்தான் இத்துப்போயிருக்குது."

பிறகு வேறு பலரைப் படமெடுத்துப் புதிதாக அளவு வைத்துக்கொண்டார். யார் நார்மல் என்று சொன்னாலும், "யாரோட ஒப்பிட்டு?" என்பார். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். "கலைகிட்ட சொல்லாத. தெரிஞ்சா என்னை நடக்கவே வுட மாட்டா" என்று, கலை பெரியவளானதும் சொல்லியிருந்தார். நானும் சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் கேள்வியும் அவருடைய இடுப்புப் படமும். காரியத்துக்குப் போகும்போது படத்தைக் கையோடு கொண்டுபோகிறேன். கலைக்கு இப்போது அம்மா படமெடுத்துக்கொண்ட வயது. அவளும் ஓட்டமும் நடையுமாகத்தான் இருக்கிறாள்.