காக்கைக்குத் தெரிந்த முகம்

தாராவியிலிருந்து தேவ்நார் பக்கம் குடிவந்த புதிதில் நான் மரங்களைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால், அவற்றை நட்டதே நான்தான் என்று நினைத்திருப்பீர்கள். தேவ்நார் என்றதும் குப்பைமேட்டை நினைத்து மூக்கைப் பிடித்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில் வீடியோ போட்டுக் காலனியைச் சுற்றிக் காட்டினேன். நடுவில் தோட்டம், ஓரமெல்லாம் தூங்குமூஞ்சி மரங்கள், மத்தியானத்தில்கூட ஒரு ஹார்ன் சத்தம் கிடையாது.

புது ஸ்கூட்டர் வாங்கும்வரை அந்தப் பெருமை நீடித்தது. வெள்ளை ஸ்கூட்டர். எனக்கு ஒதுக்கிய இடமோ ஒரு கிளைக்கு நேர் கீழே. தாராவியில் எங்கள் பை தைக்கும் பட்டறைக்குக் கிளம்புமுன் தினமும் காக்கை எச்சத்தைக் கழுவுவதே முதல் வேலையாயிற்று. அங்கே தகரக் கூரை ஒழுகித் தலையில் சொட்டியபோதுகூட நான் இவ்வளவு கோபப்பட்டதில்லை. கொஞ்சம் வசதி வந்ததும் ரோஷமும் கூடவே குடிவந்துவிட்டது.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் காலனி மாலியிடம் கிளையை வெட்டச் சொன்னேன். பீகார்க்காரர், என் வயதுதான் இருக்கும். பம்ப் ரூமை ஒட்டிய அறையில் மனைவியோடு இருந்தார். முனிசிபாலிட்டி அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று தயங்கினார். டென்ஷன் வேண்டாம், யார் கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் தாராவி இந்தியில் தைரியம் கொடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம், காலனியே உறங்கும் நேரத்தில் ஏறினார். மரத்தில் சிவப்பு எறும்பு. அதனால் தலையையும் முகத்தையும் துண்டால் மூடிக் கட்டியிருந்தார். நான் கீழே நின்று கையை நீட்டி நீட்டி மேஸ்திரி வேலை பார்த்தேன். கிளையோடு ஒரு கூடும் விழுந்தது. இரண்டு குஞ்சுகள். அசையவில்லை. மாலி மரத்திலேயே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டார். நான்தான் சுள்ளிகளோடு அவற்றை அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மேலே இரண்டு காக்கைகள் கத்தித் தீர்த்தன.

மறுநாள் காலை பால் வாங்கப் போனேன். பின்னந்தலையில் ஓங்கி ஒரு கொத்து. அடுத்த நாளும் அப்படியே. அதற்குப் பிறகு பால் வாங்க ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடந்து போன மனிதன் மும்பையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வழக்கமாக அமாவாசைக்கு அமாவாசை, செத்துப்போன என் அப்பாவை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைக்கிற என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை.

“மாமாதான் வந்திருக்காவ. உசுரோட இருக்கையில அடிச்சது பத்தலைன்னு தோணிருக்கும்.”

இதற்குள் வெட்டிய அடையாளத்தைக் காலனி செக்ரட்டரி பார்த்துவிட்டார். மாலி யார் பெயரையும் சொல்லவில்லை. அவரை வேலையை விட்டு எடுப்பது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைச் சொல்லிவிடுவது என்று பேச்சு அடிபட்டது. வேலை போனால் அறையும் போகும். செக்ரட்டரியிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் அந்த வாரத்தையே கடத்தினேன்.

கூட்டம் தோட்டத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு. நான் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தேன். எங்கேயாவது கிளம்புகிறீர்களா என்று செக்ரட்டரி கேட்கவும், வெட்கப்பட்டுக் கழற்றினேன். மாலி ஓரமாக நின்றார். ஒன்றாம் தேதிக்குள் அறையைக் காலி செய்யவேண்டும் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் புல்லைப் பார்த்தேன்.

அப்போதுதான் காக்கை வந்தது. அத்தனை தலைகளையும் தாண்டி நேராக என் தலைக்கு. அது திரும்புவதற்குள் அதன் ஜோடியும் வந்து ஒரு கொத்து. வெறுந்தலையோடு நின்ற மாலி மேல் ஒரு இறகுகூட உரசவில்லை. கூட்டைக் கலைத்தவனைக் காக்கை மறக்காது என்பார்களே என்று தரைத்தளத்து அம்மாள் மராத்தியில் யாரிடமோ சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லவேண்டுமோ, அதை நான் சொல்லவில்லை. எல்லாம் தேங்காயெண்ணெய் வாசனை, மதராசித் தலை என்றால் காக்கைக்குச் சட்னி ஞாபகம் வருகிறது என்றேன். கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் மனைவி எழுந்தாள். கிளையை வெட்டச் சொன்னது என் புருஷன், மாலி மேல் தப்பில்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இந்தியில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், “எந்திரிச்சு நில்லுங்க” என்றாள்.

நின்றேன். மாலி வேலையில் தொடரலாம், முனிசிபாலிட்டி கேட்டால் பொறுப்பு என் தலையில் என்று முடிவாயிற்று. தலைக்கு அது பழகியிருந்தது.

மறுநாள் காலை மாலி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போனேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி தமாஷ்தான். காக்கையே எனக்குத் தண்டனை கொடுத்துவிட்டது, பாருங்கள் என்று தலையைக் குனிந்து காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

“எல்லாரும் சிரிச்சாங்க, சேட். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார் இந்தியில். “உங்களுக்குத் தெரியும். நீங்களும் சிரிச்சீங்க.”

கோபமாகக்கூட அவர் அதைச் சொல்லவில்லை. வாய்க்குள் இரண்டு மூன்று பதில்கள் புரண்டன, எல்லாமே வேடிக்கையானவை. அவர் குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போக வேண்டியிருந்தது; நான் வழியில் நின்றதால், நகரும்படி கையைக் காட்டினார். நகர்ந்தேன்.