முகம் சுளிக்காத வீடு

வார்டில் இருபது வருடம் அதட்டியே பழகிய வாய் அது. ஊசியைப் பார்த்து அழுதால் இன்னொன்று போடுவேன் என்று மீசை நரைத்தவர்களையே மிரட்டியவர் நர்ஸம்மா. அவரைப் பிடித்து, "இனி நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ப் பழக்கங்கள் மாறத் துணை நில்லுங்கள், உத்தரவு போடாதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று மருத்துவமனை அனுப்பிவிட்டது. நோயாளிக்கு உப்பில் பத்தியம் என்றால் நர்ஸம்மாவுக்கு வாயில் பத்தியம்.

மூன்றாவது மாடி வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்று எழுபது. போன வருடம் வாய் கோணி, கை மரத்து, எப்படியோ எழுந்து வந்த மனிதர். ஒரு மாதத்தில் பிரஷர் இறங்கவில்லை என்றால் லிஃப்ட் குழிக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மெக்கானிக்குக்குத் தெரிந்ததோ அந்த ஒரு வேலைதான்.

"மாத்திரை ஒரு வேளைகூட விடல. உப்பைக் குறைச்சும் ரெண்டு மாசமாச்சு சிஸ்டர்," என்றாள் மனைவி. "எல்லாருக்கும் ஒரே சமையல். நீங்க சொன்னபடி இவர் முன்னாடி யாரும் முகம் சுளிக்கிறதில்ல."

"அதான் பிரச்சனையே," என்று முணுமுணுத்தார் மெக்கானிக்.

நாக்கு நுனிவரை வந்த அதட்டலை நர்ஸம்மா விழுங்கிக்கொண்டார். "என்ன பிரச்சனைண்ணே?"

"இவங்கல்லாம் ருசிச்சு சாப்பிடுறாங்க. எனக்கு மட்டும் இறங்கல. எனக்குத்தான் நாக்கு அடங்கலன்னு வெட்கம். அதான் வேலை முடிஞ்சு வர்றப்போ கடையில ரெண்டு பாக்கெட் சிப்ஸ்..."

கூடவே குடியிருக்கும் மச்சான் ஜன்னலைப் பார்த்தான். மகள் ஃபேனைப் பார்த்தாள். ஃபேன் ஓடவே இல்லை.

"உங்களுக்கெல்லாம் எப்படி இறங்குது?" என்று கேட்டார் நர்ஸம்மா. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அந்தச் சும்மாதான் அவருக்குப் பெரும்பாடு.

முதலில் மகள் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உப்பு. பின்னாலேயே மச்சானின் சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டி வந்தது. அதிலும் உப்புதான்.

"அடிப்பாவி, நீ எப்போலேர்ந்து?" என்றாள் அம்மா.

"கடிகாரத்துக்குப் பின்னாடி நீ வச்சியே, அன்னிலேர்ந்து."

மெக்கானிக் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நிறுத்தினார். "அப்போ நான் மட்டும் இல்லையா?"

"முகம் சுளிக்காதீங்கன்னு சொன்னது நான்தானேண்ணே. தப்பு என் மேல," என்றார் நர்ஸம்மா. இருபது வருடத்தில் ஒரு நோயாளியிடம் அவர் சொன்ன முதல் 'தப்பு' அது. "இனிமே என்ன பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க."

"எல்லாரும் சேர்ந்து சமையலைத் திட்டிக்கிட்டே சாப்பிடலாம்," என்றாள் மகள்.

அப்படியே நடந்தது. பொட்டலங்கள் ஒழிந்தன, சிப்ஸும் நின்றது. சாப்பாட்டு நேரத்தில் வசவு மட்டும் தாராளம். மாதக் கடைசியில் நூற்று முப்பத்தெட்டு. மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரலாம் என்றார் டாக்டர்.

அன்று நர்ஸம்மாவுக்கும் தட்டு வைத்தார்கள். ஒரு வாய் வைத்தவர் முகத்தை நன்றாகச் சுளித்தார்.

"கண்றாவியா இருக்குண்ணே."

மெக்கானிக் பூரித்துப்போய் இன்னொரு கரண்டி வைத்தார்.