அப்பா நம்பர்

மூக்கு நசுங்கிய ஓர் அலுமினியக் கெட்டில். இன்றைக்கும் அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். கபடி மாஸ்டர் அதில் தண்ணீர் நிரப்பிக் கோர்ட் ஓரத்தில் வைத்திருப்பார். யாராவது தலையில் அடிபட்டு விழுந்தால் ஓடிவந்து, அந்தத் தண்ணீரை உச்சந்தலையில் ஊற்றி, கன்னத்தில் தட்டி, "அப்பா நம்பர் இன்னா? சொல்லு" என்பார். அன்று என் அக்கா சொன்னாள். "நாலு, ஏழு, ஒண்ணு, ஆறு." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் மைதானமே விசிலடித்தது. மாஸ்டர் அவள் முதுகில் ஓங்கித் தட்டி, "அவ்ளோதான், ஒண்ணும் இல்ல. உள்ள போ" என்றார். அக்கா எழுந்து உள்ளே போனாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, சொல்கிறேன். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் எங்கள் வீடுகளில் பெயரைவிட நம்பர் பெரிது. அப்பா ஷிப்டுக்கு இறங்கும்போது கையில் கொடுக்கும் பித்தளை டோக்கனில் அடித்திருக்கும் நம்பர் அது. ரேஷனுக்கு அந்த நம்பர், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு அந்த நம்பர், பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் அதே நம்பர். அ, ஆ படிக்கும் முன்பே எங்களுக்கு அது மனப்பாடம். தூக்கத்தில் உலுக்கிக் கேட்டாலும் சொல்லுவோம். பூமிக்கடியில் பாறை விழுந்து ஒருவன் மயங்கிக் கிடந்தால், அவனிடம் அந்த நம்பரைத்தான் கேட்பார்களாம். சொல்லிவிட்டால் ஆள் தெளிவாக இருக்கிறான் என்று அர்த்தம். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி வேலையைப் பார்க்கலாம். மாஸ்டரும் சுரங்கத்தில் இறங்கியவர்தான். அங்கே பழகியதை அப்படியே மேலே கொண்டுவந்து எங்கள் பெண்பிள்ளைகளிடம் கேட்டார். தூக்கத்தில்கூட வாயில் வருகிற நம்பர், அடிபட்ட தலையிலிருந்தும் வரத்தானே செய்யும்? இது ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என்ன ஜனங்களப்பா நாங்கள்!

அக்கா ரைடுக்குப் போனால் எதிரணிப் பெண்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். ஒல்லி உடம்பு, நீளக் கால், பயம் என்பதே கிடையாது. வீட்டிலும் அப்படித்தான், என் தட்டிலிருந்த மீனைத் தொட்டு எடுத்துக்கொண்டு தன் தட்டுக்குத் திரும்பிவிடுவாள், நான் கையைப் பிடிப்பதற்குள். சுரங்கத்தை மூடி, அப்பா வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்துவிட்ட நாட்கள் அவை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அக்காவுக்கு ரயில்வே வேலை கிடைக்கும், வீடு தலைநிமிரும் என்று எல்லோரும் நம்பினோம். அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேறு எதற்கும் வேண்டிக்கொள்ளவில்லை. அக்கா நம்பர் சொன்ன அந்தப் போட்டிக்குப் பெங்களூரிலிருந்து ரயில்வேக்கு ஆள் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள். மாஸ்டரும் பொல்லாதவர் இல்லை. எங்களையெல்லாம் தன் கைக்காசில் பன்னும் டீயும் வாங்கிக்கொடுத்து வளர்த்தவர். அக்காவுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று எங்கள் அப்பாவைவிட அதிகமாகத் துடித்தவர்.

அன்று அரையிறுதி. இரண்டு பேர் அக்காவின் இடுப்பைப் பிடித்து இழுத்ததில் பின்மண்டை தரையில் மோதியது. எங்கள் ஊர்த் தரை மண்ணா அது? சுரங்கத்திலிருந்து அரைத்துக் கொட்டிய கழிவு காற்றில் பறந்துவந்து படிந்து, காய்ந்து, சிமெண்டாகக் கிடக்கும். நம்பரைச் சொல்லி, உள்ளே போய், ஆட்டத்தை ஜெயித்தும் கொடுத்தாள். திரும்பி வரும்போது சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய வரிசையில் எங்கள் லைன் வீட்டைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தாள். "எங்கடி போற?" என்று கையைப் பிடித்தேன். "வீட்டுக்கு" என்றாள். சாயந்திரம் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வெயில் என்றாள் அம்மா. எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தோம்.

மறுநாள் இறுதி ஆட்டம். பெரிய அடிகூட இல்லை. யாரோ ஒருத்தியின் முழங்கால் நெற்றிப்பொட்டில் உரசியது. அக்கா வேலி சாய்வதுபோல மெல்லச் சாய்ந்தாள். கெட்டில் வந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். மாஸ்டர் கேட்டார், அக்கா நம்பரைச் சொன்னாள், கூட்டம் கைதட்டியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள். "நம்பர கரெக்டா சொல்றாளே, ஏன் எழுந்துக்க மாட்டேன்றா?" என்று மாஸ்டர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்ட குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

உயிர் இருந்தது. அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள், உயிர் இருக்கிறதே என்று. கண் பட்டுவிட்டது என்றார்கள். காதல் விவகாரம் என்றுகூட ஒருத்தி வாய்கூசாமல் சொன்னாள். பாதர் வந்து எண்ணெய் பூசி ஜெபம் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்தாள், ஆனால் வந்தது யாரோ. டியூப்லைட் போட்டால் முகத்தை மூடிக்கொண்டு அலறுவாள். குக்கர் விசிலடித்தால் தட்டு பறக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பல வருடம் கழித்து, நான் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு அக்காவை அங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டிருக்கிறது, முதல் நாளே ஆடவிடாமல் உட்காரவைத்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றார். முதல் நாளே. ரயிலில் திரும்பி வரும்போது நான் அழுத அழுகையில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து இடம் மாறிக்கொண்டார்கள்.

அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நேராக மாஸ்டர் வீட்டுக்குத்தான் போனேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்லியேம்மா. ரெண்டு தபாவும் நம்பர கரெக்டா சொன்னாளே" என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இவ்வளவு தெரிந்த நான் என் மகளைக் கபடிக்கு அனுப்பலாமா என்று கேட்பீர்கள். அனுப்பவில்லை. அதுவாகப் போனது. விடியும் முன் ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு வந்து சேருகிறவள் நான். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு எங்கே போகிறது என்று கண்டேனா? தெரிந்தபோது டீமில் சேர்ந்துவிட்டிருந்தாள். பெரியம்மாவைப் போலவே நீளக் கால். வேண்டாம் என்றேன், கத்தினேன், அவள் சாப்பாட்டை நிறுத்தி உட்கார்ந்தாள். கடைசியில் மாஸ்டரிடம் போய், தலையில் பட்டால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது என்று சத்தியம் வாங்கினேன். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார். சுரங்கம் மூடி ஒரு தலைமுறை ஆகியும், அவரிடம் சேரும் பிள்ளைகள் இன்னும் தாத்தா நம்பரை மனப்பாடம் செய்துகொண்டுதான் போகிறார்கள். என் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அக்கா வாயில் நாள் முழுக்க அதுதானே.

போன ஞாயிற்றுக்கிழமை, என் கண்ணெதிரே, அதே மைதானம். மகள் விழுந்தாள். மண்டை தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது, இத்தனை தூரத்துக்கு. நான் ஓடுவதற்குள் கெட்டில் போய்விட்டது. மாஸ்டரின் தலை நரைத்திருக்கிறது, கேள்வி மட்டும் மாறவில்லை. "தாத்தா நம்பர் இன்னா?" மகள் தெளிவாகச் சொன்னாள். விசில் பறந்தது. அவர் அவள் முதுகில் தட்டக் கையை ஓங்கினார்.

"கைய வெச்சீங்க, தெரியும் சேதி!" என்று கூவிக்கொண்டு நடுவில் பாய்ந்தேன்.

"தெளிவா கீறாமா. நீ வேற. நம்பரு..."

"காலைல இன்னா சாப்ட? சொல்லுடி!" என்று மகளின் முகத்தைப் பிடித்துக் கேட்டேன். நான் என் கையால் சுட்டுக்கொடுத்த தோசை. அவள் என்னைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள். "இன்னிக்கு ஸ்கூல் இல்லியா?" என்றாள். ஜெர்சி போட்டுக்கொண்டு, கபடிக் கோர்ட்டின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை. கெட்டில் மாஸ்டர் கையிலிருந்து சரிந்து தண்ணீரெல்லாம் தரையில் போனது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெளிச்சம் வேண்டாம், போன் வேண்டாம், படுத்திருக்கட்டும், பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்கிறார்கள். நான் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலில் போர்வை கட்டிய அந்த அறை முதலிலேயே எங்கள் வீட்டில் இருந்தது, அக்காவுக்காக. இப்போது அதில் இரண்டு பாய். என் பிள்ளை பழையபடியே எழுந்துவிடுமா, அக்காவைப் போல யாரோவாக எழுந்திருக்குமா? கடவுளே, எனக்குத் தெரியவில்லை.

நேற்றுச் சாயந்திரம் மாஸ்டர் வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று நான் கூப்பிடவில்லை. அக்காதான் குரல் கேட்டு வெளியே வந்தாள், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இத்தனை வருடத்தில் மாஸ்டர் அவளிடம் முகம் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். மிக மெதுவாகக் கேட்டார்: "காலைல இன்னா சாப்டம்மா?"

அக்கா உடனே நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"நாலு, ஏழு, ஒண்ணு, ஆறு. எனக்கு ஒண்ணும் இல்ல மாஸ்டர். உள்ள போவட்டுமா?"

மாஸ்டர் ஆரஞ்சுப் பழத்தை வாசற்படியிலேயே வைத்துவிட்டார். அவர் போ என்று சொல்வதற்காகக் காத்து, அக்கா ஒற்றைக் காலை முன்னால் வைத்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.