பன்னிரண்டோடு நிற்காதவள்

விசையைத் தட்டிவிட்டு, உடனே திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள் ஸெனெபெச். கணினியில் ஓடுகிற நிரலை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்காது. "அடுப்புல வெச்ச பாலா இது, பொங்கிடுமோன்னு பக்கத்துலயே நிக்க?" என்கிறாள். சட்டைப் பையிலிருந்து வறுத்த வாற்கோதுமையை உள்ளங்கையில் கொட்டி, விநாடிக்கு ஒரு மணியாகக் கடிக்கிறாள். நாற்பதாவது மணிக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளுக்கான எக்செல் கோப்புகளும் வந்து விழுந்திருக்க வேண்டும். நாற்பத்தொன்று ஆகிவிட்டால் முகம் கோணிக்கொள்ளும். அன்று முழுக்க அந்த ஒரு விநாடியைத் தேடிக்கொண்டிருப்பாள்.

ஹவாசாவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே, தோழி ஹிருத்தின் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரே அறை. வாசல் பலகையில் "அட்டவணை செய்து தரப்படும்" என்று எழுதியிருக்கிறது. அம்ஹாரிக்கில் அட்டவணைக்கும் சதுரங்கத்துக்கும் ஒரே சொல். அதனால் மாதத்துக்கு ஒருவராவது காய் நகர்த்தும் ஆசையோடு படியேறி வருகிறார். அவள் யாரையும் வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை. ஒரு ஆட்டம் ஆடி, தோற்கடித்துத்தான் அனுப்புகிறாள்.

தேர்வுக்குப் போகும் பிள்ளைகளின் பட்டியலை முன்பு ஆறு எழுத்தர்கள் மூன்று வாரம் உட்கார்ந்து தட்டுவார்கள். பள்ளிக்கு ஒரு கோப்பு, பிள்ளைக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு புகைப்படம். அந்த வேலையை ஸெனெபெச் ஒரு நிரலிடம் கொடுத்துவிட்டாள். முகம் தெரியாத யாரோ எழுதி, எல்லோருக்கும் பொதுவில் விட்டிருக்கும் லைப்ரரி, ஆயத்த நிரல்களின் தொகுப்பு ஒன்று, அவளுக்குக் கை கொடுக்கிறது. "எந்த லைப்ரரிடி அது? ஒரு புத்தகத்தையும் காணோம், நீ பாட்டுக்கு எடுத்துட்டே இருக்க" என்று ஹிருத் கீழேயிருந்து கேட்காத நாளில்லை.

முதல் வருடம் அந்த நிரல் ஓடி முடிவதற்குள் மூன்று சுற்றுக் காப்பியும் குடித்துவிடலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக நிறமும் கோடும் எழுத்தும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கோப்புகள் ஊதிப்போயின, கணினி மூச்சு வாங்கியது. பிறகு புரிந்தது. ஒரு தடவை செய்து வைத்த நிறத்தையே பத்தாயிரம் கட்டமும் சுட்டிக் காட்டினால் போதும். எல்லா வரிகளையும் நினைவில் சுமக்க வேண்டாம். எழுதிய வரியை உடனே கோப்பில் இறக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இப்போது முதல் சுற்றுக் காப்பியில் சர்க்கரை கரைவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

வயது முப்பத்து நான்கு. பிறந்தது பாகுமே மூன்றாம் நாள். ஆண்டின் வாலில் ஐந்தே நாள், சில ஆண்டுகளில் ஆறு நாள், ஒட்டிக்கொண்டு வருகிற பதின்மூன்றாவது மாதம் அது. அன்று பெய்யும் மழை புனிதம் என்று ஊரே தெருவில் இறங்கி நனைகிறது. அந்த மழையை வைத்துத்தான் அவளுக்குப் பெயரும் வைத்தார்கள். ஆனால் அவளுடைய எட்டாம் வகுப்புச் சான்றிதழில் 3/13 என்பதை ஏதோ ஒரு கோப்பு தானாகத் திருப்பிப் போட்டு, மூன்றாம் மாதமான ஹிதாரின் பதின்மூன்றாம் நாள் ஆக்கிவிட்டது. "மழைன்னு பேரு, பொறந்தது வெயில் காலத்துல. கல்லூரியில என்னப் பாத்து, இந்தச் சான்றிதழ் உன்னோடதான்னு கேட்டான். என்னோடதுதான்னு நிரூபிக்க ரெண்டு வருஷம் நடந்தேன்." இதைச் சொல்லும்போது அவள் குரல் உயர்வதில்லை. விரல்கள் மட்டும் மேசையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த வருடம் தேர்வு எழுதப் பதினோராயிரம் பிள்ளைகள். தேர்வுத் தலைமையகத்திலிருந்து புதிய படிவம் வந்தது. பிறந்த மாதத்துக்கான கட்டத்தைத் தொட்டால் மெஸ்கெரெம் முதல் நெஹாசே வரை பன்னிரண்டு மாதம் விரிகிறது. அதோடு சரி. படிவத்தை எழுதியவர் பன்னிரண்டோடு ஆண்டை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பாகுமேயில் பிறந்த நூற்று நாற்பத்தேழு பிள்ளைகளுக்கு மாதமே இல்லை. ஒரு வரி ஒத்துவராவிட்டாலும் அந்தப் பள்ளியின் கோப்பு முழுவதும் திரும்பிவரும். வெள்ளிக்கிழமை மாலை, விடியலிலிருந்து எண்ணும் ஊர்க் கணக்கில் பத்து மணிக்குள், ஏறாத பெயருக்குத் தேர்வு எண் கிடையாது.

மண்டலக் கல்வி அலுவலகத்தில் பட்டியல்களுக்குப் பொறுப்பாளர் ஆதோ மெக்கூரியா. அலுவலக முத்திரையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டே நடப்பவர். புதன்கிழமை படியேறி வந்தார்.

"இதுல என்ன இருக்கு தங்கச்சி? எல்லாத்தையும் நெஹாசே முப்பதுன்னு போட்டு விடு. வருஷா வருஷம் அப்படித்தான போட்டோம்."

"நீங்க போட்டீங்க. நான் போட மாட்டேன்."

"மூணு நாள் முன்ன பின்ன. யாரு பாக்கப்போறா?"

"அண்ணே, உங்க கல்யாண நாள மூணு நாள் முன்னாடி தள்ளி எழுதிட்டேன்னு வைங்க. வீட்டுக்குப் போய் அக்காகிட்ட அதச் சொல்லிட்டு வாங்க. முழுசா திரும்பி வந்தா மேல பேசலாம்."

மெக்கூரியா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "உன் வாய்க்கு நான் ஆளில்லம்மா. ஆனா பேரு ஏறலன்னா பிள்ளைங்க வாசல்லதான் நிக்கும். உன் பாகுமே வந்து பரீட்சை எழுதிக் குடுக்குமா?"

சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

வியாழன் காலையில் நிரலைத் திறந்து மாதப் பட்டியலில் பதின்மூன்றாவது பெயரைச் சேர்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகளையும் அனுப்பினாள். மதியத்துக்குள் நூற்றொன்பது திரும்பிவந்தன. திரும்பிய நேரங்களை வரிசையாகப் படித்தாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு நிமிடம், சிலவற்றில் மூன்று. நடுவில் ஒரு கால்மணி இடைவெளி.

"இது எந்திரம் இல்ல ஹிருத்" என்றாள். "ஒரு ஆளு உக்காந்து ஒவ்வொண்ணா தெறந்து பாத்துத் திருப்புறான். இந்தக் கால்மணி நேரம் காப்பி குடிக்கப் போயிருக்கான்."

"அதுக்கு?"

"எனக்கு நாப்பது விநாடி. அவனுக்கு நாலு மணி நேரம். யாரு மொதல்ல களைக்கிறாங்கன்னு பாப்போம்."

நூற்றொன்பதையும் புதிதாகச் செய்து அனுப்பினாள். ஒரே ஒரு மாற்றம்: முதல் தாளின் தலைப்பில் "இரண்டாம் முறை". அது திரும்பி முடிவதற்குள் மூன்றாம் முறை போய்ச் சேர்ந்தது. வெள்ளி காலையில் நான்காம் முறை. விரதநாள் மதியத்துக்கு இஞ்செரா அப்பமும் ஷிரோ குழம்பும் எடுத்துக்கொண்டு ஹிருத் மேலே வந்தபோது ஐந்தாவது கிளம்பிக்கொண்டிருந்தது.

"பாவம்டி அந்த மனுஷன். சாப்பிடவாவது எந்திரிக்க விடு."

"பாகுமேய ஒத்துக்கட்டும். இப்பவே எந்திரிக்கலாம்."

"உனக்கு அடுத்த வருஷம் இந்த வேலையக் குடுக்க மாட்டாங்க."

"குடுக்க வேண்டாம். ஆறு எழுத்தரத் தேடிப் பிடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஷிரோவைத் தொட்டு ஒரு வாய் எடுத்தாள். மறுவாய் எடுக்கவில்லை. ஆறாவது முறைக்கு நேரமிருக்கிறதா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இருந்தது, ஒன்றுக்கு மட்டும்.

மெக்கூரியா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அப்போதுதான் தொலைபேசி ஒலித்தது. அவருக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"ஹவாசாதான? தலைமையகத்துலேர்ந்து பெலாய்னெ பேசுறேன். நீங்க அங்க எத்தன பேரு?"

"ஒருத்தி."

"ஒருத்தியா. அஞ்சாறு பேரு இருப்பீங்கன்னு நெனச்சு நேத்துலேர்ந்து பிரிச்சுப் பிரிச்சுத் திட்டிட்டு இருக்கேன்."

"மொத்தமா திட்டிருங்க. வாங்கிக்கிறேன்."

"அக்கா, பாகுமே மழையில நனையாத ஆளா நான்? எனக்குத் தெரியுது. இந்தப் படிவத்துக்குத் தெரியலயே. அத மாத்துற அதிகாரம் எனக்குக் கெடையாது."

"பிள்ளைங்க பொறந்த நாள மாத்துற அதிகாரம் எனக்கு யாரு குடுத்தா?"

நாற்காலி கிறீச்சிடும் ஓசை கேட்டது. பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரு வழி இருக்கு. ஒத்துவராத வரிகள மட்டும் தனிக் கோப்பா அனுப்பினா நான் கையால ஏத்தலாம். கையால ஏத்தறப்போ படிவம் கேள்வி கேக்காது, எழுதினத எடுத்துக்கும். நூத்து நாப்பத்தேழும் ஏத்தித் தரேன். ஆனா அந்தக் குவியல இன்னொரு தடவ என் தலையில கொட்டக் கூடாது."

"கொட்ட மாட்டேன்."

"கோப்புக்குப் பேரு 'பிழை'ன்னு வைங்க. பத்து மணிக்குள்ள வரணும்."

மெக்கூரியா ஆமோதித்துத் தலையை ஆட்டினார், மூன்று நாளில் முதல்முறையாக. நிரலில் இரண்டு வரியை மாற்றினாள். நூற்றொன்பது கோப்புகளிலிருந்தும் நூற்று நாற்பத்தேழு பெயர்கள் கழன்று ஒரே கோப்பில் வந்து நின்றன. மிச்சமெல்லாம் தடையில்லாமல் ஏறின. கணினி நான்குக்கு ஆறு நிமிடம் என்றது. சுவர்க் கடிகாரம் பத்துக்கு ஆறு நிமிடம் என்றது. இங்கே இரண்டும் ஒரே நேரம்தான்.

"அனுப்பு, அனுப்பு" என்றார் மெக்கூரியா. எழுந்தே நின்றுவிட்டார்.

ஸெனெபெச் அனுப்பவில்லை. கோப்பின் பெயர்மேல் சுட்டியை வைத்தாள்.

"அதான் சொன்னானே, 'பிழை'ன்னு வைக்கச் சொல்லி..." என்றார் அவர்.

அம்ஹாரிக்கில் பிழை என்ற சொல்லுக்கு நான்கு எழுத்து. ஒவ்வொன்றாக அழித்தாள். பாகுமேக்கு மூன்று எழுத்து. அவற்றை அடித்துவிட்டு அனுப்பினாள்.